நான்காவது வாசனை

பாடகி தூரிகாவின் பெயரில் வந்த முதல் மூன்று சென்ட்டுகளில், பாட்டில் மேல் இருந்த பெயரைத் தவிர, தூரிகா என்று எதுவும் இருக்கவில்லை. 'தூரிகா மழை'யில் மழை இல்லை. 'தூரிகா நிலா'வில் இருந்தது மல்லிகையும் ஆல்கஹாலும். 'தூரிகா ரகசியம்' என்பது முதலிரண்டையும் கலந்து வேறு நிறம் ஏற்றியது, அதுதான் ரகசியம். மூன்றும் பிய்த்துக்கொண்டு போயின. கம்பெனியின் எம்.டி. பரந்தாமன் அந்தச் சந்தோஷத்தில் ஒரு சங்கம் தொடங்கி, அதன் முதல் கூட்டத்திலேயே 'நறுமணச் செம்மல்' என்ற பட்டத்தைத் தனக்கு வழங்கச் செய்து, மிகுந்த தயக்கத்தோடு பெற்றுக்கொண்டார்.

நான்காவதில்தான் உண்மையாகவே தூரிகா இருந்தாள். ஃபரீதா என்ற ஆராய்ச்சியாளர் அவளுடைய கழுத்திலும் அக்குளிலும் பஞ்சை ஒற்றி எடுத்துக்கொண்டு போய், எதையெதையோ பிரித்து, கடைசியில் ஒரு குப்பியில் அடைத்துக் கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஆனால் முகர்ந்தவர்களுக்கு தூரிகா தங்கள் வீட்டுப் பெண் என்று தோன்றியது. சோதனைக்கு வந்த ஓர் ஆடிட்டர், சுவரிலிருந்த அவள் போஸ்டரைப் பார்த்து "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். பரந்தாமன் அந்த இடத்திலேயே பெயர் வைத்தார்: 'தூரிகா உறவு'. விளம்பர வாசகமும் அவருடையதே. 'இனி நீங்கள் ரசிகர் அல்ல, ரத்தம்.'

வேறு கம்பெனியாக இருந்தால் ஏதாவது ஓட்டல் ஹாலில் நாலு பத்திரிகைக்காரர்களுக்குப் பஜ்ஜி கொடுத்து அறிமுகம் செய்திருப்பார்கள். பரந்தாமன் மாநாடு போட்டார். அதையும் திருச்சியில் போட்டார். திருச்சியில் மாநாடு போட்டவர்களுக்குத் திருப்பம் வரும் என்று கட்சிக்காரர்கள் சொல்லி அவர் கேட்டிருந்தார். வந்தது.

மைதானத்து வாசலில், கல்யாண வீட்டில் செய்வது போல, பட்டுச்சேலைப் பெண்கள் பன்னீர்ச் செம்புகளில் 'உறவை' நிரப்பி வருகிறவர்கள் தலைமேல் தெளித்தார்கள். போதாதென்று கைக்கு ஒரு பாக்கெட் இலவசம். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுமை யாருக்கு இருக்கிறது? அங்கேயே கிழித்துச் சட்டையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டார்கள். மாலை வெயிலில் முப்பதாயிரம் பேர் வியர்த்தார்கள். முப்பதாயிரம் பேரும் ஒரே ஆளாக வியர்த்தார்கள்.

மாநாடு என்றால் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டாமல் முடியுமா? பெயர் சூட்டப்படவிருந்த குழந்தைகளுக்கெல்லாம் கம்பெனி ரோஸ் நிற கவுன் கொடுத்திருந்தது, ஆண் பெண் பேதம் பார்க்காமல். அதோடு, போன வாரம் வேளாங்கண்ணியில் தன் ஒரு வயது மகள் எஸ்தருக்கு மொட்டை போட்டு தூரிகா படம் வெளியிட்டிருந்ததால், ரசிகர்களும் ஆர்வமாகத் தங்கள் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவிக் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டத்துக்குள் நடக்க வழி கிடையாது. ஆகவே குழந்தைகள் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தன; பெயர் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பின.

எஸ்தரும் அதே கவுனில்தான் இருந்தாள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று பரந்தாமன் சொல்லியிருந்தார். மேடை ஓரத்தில் அவளை மடியில் வைத்திருந்தவன் தூரிகாவின் தம்பியும் மேனேஜருமான அந்தோணி. அப்போது கரூர் ரசிகர் மன்றத் தலைவர் பொன்னாடையோடு ஏறி வந்தார். பொன்னாடையை உட்கார்ந்தபடி, குழந்தையும் கையுமாக வாங்குவது வாங்குகிறவருக்கு அழகல்ல. அந்தோணி எஸ்தரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, தோளைத் தாழ்த்திக் கொடுத்தான். போட்டோகிராபர் இன்னொரு தரம் என்றார். பொன்னாடை இன்னொரு தரம் போர்த்தப்பட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால், மேடைத் தொண்டர் ஒருவர், பெயர் வாங்கி முடித்த குழந்தை ஒன்று நாற்காலியில் கேட்பாரற்று உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கடமை உணர்ச்சியுள்ளவர். தூக்கிக் கூட்டத்துக்குள் அனுப்பினார்.

தூரிகாவின் நிஜப் பெயர் ஜெனோவா. வீட்டிலும் தனக்குள்ளும் அவள் ஜெனோவாதான். யாரோ ஒருவரின் மகனுக்கு 'இசைச்செழியன்' என்று பெயர் வைத்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் சிரிப்பை மாற்றாமல் தம்பியிடம் குனிந்தாள்.

"பாப்பா எங்கடா?"

அந்தோணி நாற்காலியைப் பார்த்தான். பிறகு நாற்காலிக்கு அடியில் பார்த்தான். "இங்கதான்க்கா இருந்துச்சு."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். தலைகளுக்கு மேல் ரோஸ் கவுன்கள் மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் மொட்டைத் தலை. எல்லாவற்றிலும் சந்தனம். அப்போதுதான் இவ்வளவு நேரமாகத் தன் காதில் விழாமலிருந்த ஒன்று அவளுக்கு உறைத்தது. இத்தனை குழந்தைகளை இத்தனை பேர் தூக்கிப் போடுகிறார்கள், ஒன்றுகூட அழவில்லை.

பழைய பாட்டு ஒன்றைத் திரையில் ஓடவிட்டு அவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் மாசிலாமணி அங்கே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். தீராத சைனஸ்காரர், சாம்பாருக்கும் சாக்கடைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரிந்து வருஷக்கணக்காகிறது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பதற வேண்டாம் என்றார்.

"குழந்தைன்னா அழும்மா. அழுகுற பக்கமா ஆளை அனுப்பினா புடிச்சிரலாம்."

"அழாது சார்," என்றார் ஃபரீதா.

"ஏன் அழாது?"

"கைக்குழந்தை அம்மாவைக் கண்ணால மட்டும் கண்டுபிடிக்கிறதில்ல. மோந்துதான் கண்டுபிடிக்குது. இப்ப இந்த மைதானத்துல யாரு தூக்கினாலும் அதுக்கு அம்மாதான்."

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "சரி. அது போகட்டும். தூக்கி வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்ல, இது நம்ம புள்ள இல்லைன்னு?"

ஃபரீதா பரந்தாமனைப் பார்த்தார். தேவையில்லாததைப் பேச வேண்டாம் என்று பரந்தாமன் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொல்வது எப்போதும் தேவையான விஷயமாகவே இருக்கும்.

"தெரியாது சார்," என்றார் ஃபரீதா. "முகத்தைப் பாத்து இது நம்ம புள்ளைன்னு கண்ணு சொல்லும். ஆனா மூக்கும் ஆமான்னு சொன்னாத்தான் மனசு ஒத்துக்கும். இப்ப மூக்கு எல்லாப் புள்ளைக்கும் ஆமா போடுது. அதட்டிப் போடுது. கண்ணு வாயை மூடிக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆளுக்கு ஒரு சொட்டுன்னு ஏசி ரூம்ல சோதிச்சோம் சார். சொந்தக்காரங்க மாதிரி இருக்குன்னாங்க, அவ்ளோதான். செம்புல ஊத்தித் தெளிப்பாங்கன்னு யாரு கண்டா."

ஜெனோவா மைக்கில் சொல்லிவிடலாம் என்றாள். மாசிலாமணி வேண்டவே வேண்டாம் என்றார். குழந்தை மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஆளாளுக்குப் பக்கத்துக் கையிலிருக்கும் பிள்ளையைப் பிடுங்குவார்கள். நெரிசலில் முதலில் நசுங்குவது பிள்ளைகள்தான். வாசலை மூடினாலும் அதே கதி. பரந்தாமனும் அதையே சொன்னார். நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருந்தது அவருக்குக் கூடுதல் காரணம். ஆனால் கூட்டம் முடிந்து வேன்கள் கிளம்பிவிட்டால் அப்புறம் எந்த ஊரில் தேடுவது?

மாற்று மருந்து ஒன்று இருந்தது. ஆய்வகத்து ஆட்கள் வேலை முடிந்ததும் மூக்குக்குக் கீழே தடவிக்கொள்ளும் ஈரத்துணி. தடவினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் விட்டுப்போகும். அது ஆய்வக வேனில் இருந்தது. வேன் மைதானத்தின் அந்தக் கோடியில், கூட்டத்துக்கு அப்பால் நின்றது. ஃபரீதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார்.

"பேரு வச்ச புள்ளைங்க எல்லாத்தையும் திரும்ப மேடைக்கு வரவைக்கிறேன்," என்றாள் ஜெனோவா. "ஆளுக்கு ஒரு தங்க மோதிரம்னு சொல்றேன்."

அன்று மாலை பரந்தாமனின் முகத்தில் முதன்முறையாக உண்மையான வேதனை தெரிந்தது. பிறகு, அறிவிப்பில் தங்கம் என்றே இருக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்.

தங்கம் என்ற சொல் ஸ்பீக்கரில் கேட்டதும் ரோஸ் கவுன்கள் நாலா பக்கமிருந்தும் மேடையை நோக்கித் திரும்பின. மாசிலாமணி செல்போனில் எஸ்தரின் வேளாங்கண்ணிப் படத்தை வைத்துக்கொண்டு ஜெனோவாவுக்குப் பின்னால் நின்றார். இடது புருவத்தில் கோடு போல ஒரு சின்னத் தழும்பு. அதுதான் அடையாளம்.

முதல் குழந்தையை வாங்கி முகத்தோடு சேர்த்ததும் ஜெனோவா அவரிடம் திரும்பினாள். "சார். இவதான். கிடைச்சிட்டா."

மாசிலாமணி படத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். புருவத்தில் தழும்பு இல்லை. சந்தேகத்துக்குக் கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆம்பளப் புள்ளம்மா."

"இல்ல சார். நல்லாப் பாருங்க. எஸ்தர்தான்."

"நல்லாப் பாத்துட்டேன்மா. குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. கூட்டம் பார்க்கிறது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குழந்தையை வாங்க வேண்டியிருந்தது. அது சிரித்துக்கொண்டே கைமாறிக் கூட்டத்துக்குள் போயிற்று. அடுத்தது வந்தது. அதுவும் எஸ்தராகவே இருந்தது. அதற்கடுத்ததும்.

மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு குழந்தையைத் தூக்கும்போதும் மார்பில் பொங்கிய ஒன்றை, ரசிகர்கள் தன்மேல் வைத்திருக்கும் அன்பு என்று அவள் நினைத்திருந்தாள். மேடையில் அதைச் சொல்லிக் கண் கலங்கவும் செய்திருந்தாள். இப்போது வேறொன்று தோன்றியது. எஸ்தர் ஏற்கெனவே இந்தக் கைகளுக்கு வந்து, ஏதோ ஒரு பெயரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருந்தால்? தானே சிரித்து, முத்தம் கொடுத்து, கூட்டத்துக்குள் அனுப்பியிருந்தால்? அவள் ஒவ்வொரு குழந்தையையும் வாங்கி, புருவத்தை மட்டும் பார்த்தாள். மனது சொன்ன எதையும் அவளால் நம்ப முடியவில்லை. இன்ஸ்பெக்டர் 'இல்லை' என்னும் ஒவ்வொரு தரமும் பெற்ற பிள்ளையைப் பிடுங்குவது போலவே இருந்தது.

குழந்தைகள் தலைகளுக்கு மேல் வந்துகொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் தன் குழந்தையை யார் கையிலும் கொடுக்காமல், இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் படியேறி வந்தாள். லால்குடிப் பக்கம், பெயர் அஞ்சலை. இடுப்பில் இருந்த குழந்தை அவளுடைய தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. மாசிலாமணி படத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். இந்த முறை 'இல்லை' என்று சொல்லவில்லை.

ஜெனோவா பார்த்தாள். தழும்பு இருந்தது. மனது பொங்கியது, முன்னால் வந்த ஆண் குழந்தைக்குப் பொங்கியதைவிட ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கொஞ்சம் குடும்மா, மோதிரம் போட்டுவிடுறேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா," என்றாள் அஞ்சலை. "குடுக்க மனசு வரமாட்டேங்குது. வீட்டுல எப்பவும் எறக்கிவிட்டுட்டுத்தான் வேலை பாப்பேன். இன்னிக்கு என்னமோ எறக்கவே முடியல. இப்படியே வச்சிருக்கேன், நீங்க மோதிரத்தப் போட்டுவிடுங்க."

மாசிலாமணி அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்து வந்தார். மோதிரம் உள்ளேதான் இருக்கிறது என்று சொன்னார்; போலீஸ்காரர் சொல்லும் பொய்களில் அது சின்னது. ஃபரீதா மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். சேலை முந்தானை கிழிந்திருந்தது. கையில் ஒரு சின்ன டப்பா. முகத்தைத் துடைத்துக்கொள் என்று அஞ்சலையிடம் ஒரு துணியைக் கொடுத்தார். ஜெனோவாவுக்கு ஒன்று. குழந்தையின் மூக்கடியில் தானே மெல்ல ஒற்றினார்.

முதலில் அஞ்சலையின் கைதான் மாறியது. குழந்தையை அணைத்திருந்த கை, யாரோ கொடுத்த மூட்டையைப் பிடிப்பது போல விறைத்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது யாரு புள்ள?"

ஜெனோவா கையை நீட்டினாள். இப்போது அவளுக்கு மார்பில் ஒன்றும் பொங்கவில்லை. கண் மட்டும் பார்த்தது, பார்த்துச் சொன்னது, இது எஸ்தர். அதுவே போதுமாக இருந்தது. குழந்தை அவளை ஒரு கணம் வெறித்தது. சுற்றி நின்ற அந்நியர்களை, விளக்குகளை, காக்கிச் சட்டையைப் பார்த்தது. வாயைத் திறந்து வீறிட்டது. அன்று அந்த மைதானத்தில் கேட்ட முதல் அழுகை அது. ஜெனோவா அதை நிறுத்த முயலவில்லை. கழுத்தைப் பிறாண்டிய நகங்களோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம் புள்ள எங்கக்கா?" என்றாள் அஞ்சலை.

"உங்க புள்ள பொண்ணா, பையனா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"பையன் சார். முகிலன்."

மாசிலாமணியும் ஜெனோவாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விரல்களைப் பிரித்து வாங்கி, கூட்டத்துக்குள் அனுப்பிய அந்த முதல் குழந்தையை இருவரும் நினைத்தார்கள். அதன் பிறகு போனவற்றில் பையன்கள் எத்தனை பேர் என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

வெளியே பரந்தாமன் காரியத்தை முடித்துவிட்டார். எஸ்தர் கிடைத்த செய்தி காதுக்கு எட்டியதும் தொகுப்பாளரிடம் நன்றியுரை சொல்லச் சொல்லி, வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று அறிவிக்கச் செய்து, மைக்கை அணைத்திருந்தார். ஜெனோவா ஓடிப்போய் மைக்கைப் பிடித்துப் பேசினாள். சத்தம் அவள் வாயைத் தாண்டவில்லை. கூட்டம் அவள் கையசைப்பதாக நினைத்துத் திருப்பிக் கையசைத்தது.

"ஏன்மா பதட்டம்," என்றார் பரந்தாமன். "இவ்வளவு பெரிய மாநாட்டுல ஒரே ஒரு புகார். துடைக்காம விட்டிருந்தா அதுவும் வந்திருக்காது."

மேடையில் ஒரு குழந்தை மிச்சமிருந்தது. மோதிரத்துக்கு வந்து, திரும்ப வாங்க ஆள் வராமல், நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பரந்தாமன் அதைத் தூக்கிக்கொண்டு அஞ்சலையிடம் வந்தார். இன்னொரு கையில் பன்னீர்ச் செம்பு.

"பாருங்க சகோதரி. ஒரு தாய், ஒரு சேய். கணக்கு சரியாத்தான் இருக்கு."

அஞ்சலை கவுனை விலக்கிப் பார்த்தாள். "அது பொண்ணு சார். எம் புள்ள பையன்."

"ரெண்டு தெளி தெளிச்சுக்கிட்டா அது தெரியாது," என்றார் பரந்தாமன், மிகவும் இதமாக. அவர் மனதாரத்தான் சொன்னார்.

அஞ்சலை செம்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஜெனோவாவிடம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு உங்க புள்ள வந்துருச்சு. நான் இத மோந்துக்கிட்டுப் போயிரவா?"

ஜெனோவா ஃபரீதாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். திறந்து பார்த்தாள், அடியில் கொஞ்சம் துணிகள்தான் இருந்தன. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பரந்தாமன் நினைவூட்டத் தொடங்கினார். மறுபடியும் ஆங்கிலம். அவள் வீறிடும் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மறு கையால் அஞ்சலையைப் பிடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினாள்.

வாசல் பக்கம் கூட்டம் நிதானமாகக் கரைந்துகொண்டிருந்தது. நெரிசல் இல்லை, சண்டை இல்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டு, பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒரே வீட்டு ஆட்கள் போல நடந்தார்கள். தோளெல்லாம் தூங்குகிற மொட்டைத் தலைகள். அஞ்சலை ஒவ்வொரு தோளாக எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அன்பாகச் சிரித்து, 'எம் புள்ளம்மா' என்றார்கள்.

ஜெனோவா, இடுப்பில் ரோஸ் கவுனோடு வந்த முதல் பெண்ணின் முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. தூரிகாக்கா தன்னைத் தொட வருகிறாள். மூக்கடியில் ஈரத்துணி பட்டதும் முகத்தை இன்னும் வாகாக நீட்டிக் கொடுத்தாள்.

"புது சென்ட்டாக்கா? அஞ்சாவதா?"

"ஆமா," என்றாள் ஜெனோவா. "நல்லா இழு."

அந்தப் பெண் கண்ணை மூடி ஆழமாக இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லையே என்றாள். பரவாயில்லை, ஒரு செல்ஃபி மட்டும் என்று போனை எடுத்து உயரே பிடித்து, ஜெனோவாவின் தோளோடு ஒட்டி நின்று, பல் தெரியச் சிரித்தாள். திரையில் இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். ஒன்று அழுதுகொண்டிருந்தது.

பொத்தானை அழுத்த வந்த கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. அவள் திரையிலிருந்த தன் இடுப்பைப் பார்த்தாள். பிறகு போனைத் தாழ்த்தி, மெதுவாக, நிஜ இடுப்பைக் குனிந்து பார்த்தாள்.